ஆள் மாறிய சிகிச்சை: வைத்தியசாலை வரலாற்றில் ஓர் அத்தியாயம்

மருத்துவ வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே எழுதுவர். அம்மைப்பால் வந்தமை, மயக்கமருந்து வந்தமை, பென்சிலின் வந்தமை என்று அவ்வரலாறு ஏறுமுகமாகவே செல்லும். தவறுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையும், அதை எழுத முற்பட்டோர் தம் காலத்தில் வரவேற்கப்படவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. ஒருவருக்குரிய சிகிச்சை இன்னொருவருக்குச் செய்யப்படுவதும், ஒரு நோய் வேறொரு நோயாகக் கொள்ளப்படுவதும் ஆகிய இரு தவறுகளின் வரலாற்றை இக்கட்டுரை நோக்குகின்றது. முன்னையது கவனக்குறைவு, பின்னையது அறிவுக்குறை என்று பிரித்துவிடுதல் எளிது. ஆயின் கிடைக்கும் ஆவணங்களை நுணுகி நோக்கின் இரண்டிலும் நிகழ்வது ஏறத்தாழ ஒன்றே எனத் தோன்றுகின்றது. ஆளுக்கோ நோய்க்கோ முதலில் ஒரு பெயர் இடப்பட்டுவிடுகின்றது. அதன் பின்னர் கண்முன் தோன்றும் சான்றுகள் யாவும் அப்பெயருக்கு இசையவே பொருள் கொள்ளப்படுகின்றன.

வீடு தேடி வந்து நாடி பார்த்த வைத்தியருக்கு நோயாளர் யார் என்ற ஐயம் எழ இடமிருக்கவில்லை. தந்தையையும் பாட்டனையும் அறிந்தவர் அவர். நூற்றுக்கணக்கானோர் ஒரு கூரையின் கீழ் வரிசையாகக் கிடத்தப்பட்ட பெரிய வைத்தியசாலைகள் தோன்றிய பின்னரே இவ்வினா பிறந்தது. ஆளை அறியாத இடத்தில் கட்டிலின் இலக்கம் ஆளுக்குப் பதிலாக நின்றது. "பதினெட்டாம் கட்டிலுக்கு ஊசி போட்டாச்சா?" என்ற குரலை எமது வாட்டுகளில் கேளாதார் இலர். கட்டில் நகராது, ஆனால் அதிற் கிடப்பவர் நகர்வார் என்பதே இவ்வழக்கத்தின் பலவீனம். பெயரும் பெருந்துணையன்று. ஒரே ஊரில் நான்கு கந்தசாமிகள் இருப்பதும், அவர்களுள் இருவருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒன்றாய் அமைவதும் எமக்குப் புதுமையல்ல.

ஒரு நோயாளருக்கு ஓர் இலக்கம், ஒரு கோவை என்ற ஏற்பாடு வியக்கத்தக்க அளவுக்குப் பிந்தியது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ வைத்தியசாலையில் ஹென்றி பிளம்மர் என்ற வைத்தியர் 1907ஆம் ஆண்டில் இதனை நடைமுறைப்படுத்தினார். அதுவரை அங்கு ஒவ்வொரு வைத்தியரும் தத்தம் பேரேட்டில் தாம் கண்ட நோயாளரைக் குறித்துவந்தனர். ஒருவர் மூன்று வைத்தியரைக் கண்டிருந்தால் அவர் மூன்று ஏடுகளில் மூன்று மனிதராக வாழ்ந்தார் எனலாம். பிளம்மரின் கோவை அம்மூவரையும் ஒருவராக்கியது. ஆயின் புதியதோர் ஆபத்தும் அதனோடு வந்தது. கோவை ஒரு கையிலும் ஆள் இன்னொரு கையிலும் செல்லுமாயின், கோவை சொல்வதே உண்மையென ஆகிவிடும். 1999இல் யப்பானில் நிகழ்ந்தது இதுவே. அதனைப் பின்னர் விரிவாக நோக்குவோம்.

தவறுகளை எண்ணத் தொடங்கியது பொஸ்ரன் நகரம். அங்கு மாசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ரிச்சட் கபொற் என்பார் மூவாயிரம் பிணப் பரிசோதனைகளை, அந்நோயாளர் உயிரோடிருந்தபோது எழுதப்பட்ட நோய் நிருணயங்களோடு ஒப்பிட்டு 1912இல் வெளியிட்டார். நீரிழிவு நூற்றுக்கு 95 பேரிலும் நெருப்புக்காய்ச்சல் 92 பேரிலும் சரியாக அறியப்பட்டிருந்தன. திடீர்ச் சிறுநீரக அழற்சியோ நூற்றுக்கு 16 பேரில் மட்டுமே சரியாக அறியப்பட்டிருந்தது. நாட்டின் புகழ்பெற்ற வைத்தியசாலையொன்றின் கணக்கு இது. சக வைத்தியர் பலர் சினந்ததில் வியப்பில்லை. எமக்கு இன்று முக்கியமாகத் தோன்றுவது கபொற் தேர்ந்த முறையாகும். நோய்க்கு இடப்பட்ட பெயர் சரியா என்று பார்க்க, பெயரிட்டவரையே கேட்காமல் உடலைக் கேட்டார் அவர்.

அதே நகரில் அதே காலத்தில் வாழ்ந்த எர்னஸ்ற் அமோரி கொட்மன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். அவரது கதை சற்று நின்று சொல்லத்தக்கது. ஹாவட் மருத்துவ மாணவராயிருந்த காலத்தில் அவருடைய தோழர் ஹாவி கஷிங் ஈதர் கொடுத்த நோயாளர் ஒருவர் இறந்தார். பின்னாளில் மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடியாகப் போற்றப்பட்ட கஷிங்கை அச்சாவு பெரிதும் உலுக்கியது. 1894இல் தோழர் இருவரும் மயக்கமருந்து கொடுக்கும்போது நாடித் துடிப்பையும் சுவாசத்தையும் நேரத்தோடு குறிக்கும் அட்டவணையொன்றை அமைத்தனர். இன்று உலகின் எல்லாச் சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் காணப்படும் அட்டவணையின் தொடக்கம் ஒரு மாணவரின் குற்றவுணர்வு என்பதை நினைவிற் கொள்ளலாம்.

ஒவ்வொரு நோயாளரும் வீடு சென்ற பின் ஓராண்டு கழித்து அவரது நிலையை விசாரித்து அட்டையில் எழுதவேண்டும், நலம் பெறவில்லையாயின் ஏன் என்று கேட்கவேண்டும் என்பது கொட்மனின் கோட்பாடு. மாசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலை இதனை ஏற்கவில்லை. பதவி உயர்வு திறமைக்கன்றி வயதுக்கே வழங்கப்படுவதை எதிர்த்து 1914இல் அவர் அங்கிருந்து விலகினார். தமக்கென அமைத்துக்கொண்ட சிறு வைத்தியசாலையிலிருந்து 1911க்கும் 1916க்கும் இடையில் வெளியேறிய 337 நோயாளரின் முடிவுகளை அவர் அச்சிட்டு வெளியிட்டார். அவற்றில் 123 தவறுகள் அவரால் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. எது அறிவுக் குறையால் வந்தது, எது தீர்ப்புப் பிழை, எது கவனக்குறைவு, எது நோய் நிருணயப் பிழை என்று அவரே வகுத்துக் காட்டினார். 1915ஆம் ஆண்டு தை மாதத்தில் மருத்துவர் கூட்டமொன்றில், மணலுள் தலை புதைத்தபடி பொன்முட்டையிடும் தீக்கோழியின் சித்திரத்தை அவர் திரைநீக்கம் செய்தார். பொஸ்ரனின் செல்வரும் வைத்தியசாலை நிருவாகிகளும் ஹாவட்டின் தலைவரும் அச்சித்திரத்தில் இடம்பெற்றிருந்தனர். கூட்டம் குழம்பியது, ஹாவட்டில் அவர் வகித்த பதவி போயிற்று, சிறு வைத்தியசாலையும் பின்னர் மூடப்பட்டது. 1940இல் அவர் இறந்தபோது கல்லறைக்குக் கல் வைக்கவும் பணமிருக்கவில்லை. அக்கல் 2014இல்தான் நாட்டப்பட்டது. சித்திரம் தேவைதானா என்று கேட்போர் உளர். அட்டைகள் மட்டும் போதியனவாயிருந்தால் அவர் அதனை வரைவித்திருக்க மாட்டார் என்றே நான் கருதுகின்றேன்.

கொட்மனும் கபொற்றும் நோயின் பெயரில் நேர்ந்த பிழைகளை ஆராய்ந்தனர். ஆளின் பெயரில் நேரும் பிழை உயிர்ப் பிரச்சினையானது குருதி ஏற்றும் வழக்கத்தோடு எனலாம். வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்ரைனர் 1901இல் மனிதக் குருதி இனங்களை வகுத்துக் காட்டினார். 1907இல் நியூயோர்க்கில் ரூபன் ஒற்றன்பேர்க், குருதி ஏற்றுமுன் பொருத்தம் பார்க்கும் முறையைக் கையாண்டார். இவற்றால், விளங்காத சாவுகளாய் இருந்தவை தடுக்கத்தக்க சாவுகளாயின. ஆயின் அறிவியல் தீர்த்த சிக்கலை எழுத்துவேலை திரும்பக் கொணர்ந்தது. ஆய்வுகூடத்தில் பொருத்தம் சரியாகப் பார்க்கப்பட்ட போத்தல், வாட்டில் வேறொருவரின் கையிற் பாய்ந்தது. பிரித்தானியாவில் 1996இல் தொடங்கப்பட்ட குருதிமாற்று இடர்க் கண்காணிப்பின் முதல் அறிக்கைகளில் மிகப் பெரிய பிரிவாக நின்றது பிழையான குருதி ஏற்றப்பட்ட நிகழ்வுகளே. இங்கு வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வேறொருவரின் குருதி ஏற்றப்பட்டாலும் பல வேளைகளில் தற்செயலாக இனம் பொருந்திவிடும், நோயாளருக்கு ஒன்றும் நேராது, தவறு பதிவாகாது. ஆகவே எமக்குக் கிடைக்கும் கணக்கு எப்போதும் துரதிர்ஷ்டத்தின் கணக்கேயன்றித் தவறின் கணக்கன்று.

பேசத் தெரியாதோரை அடையாளங்காணும் சிக்கல் பிரசவ விடுதிகளில் எழுந்தது. எழுத்துப் பொறித்த மணிகளைக் கோத்துக் குழந்தையின் கையிற் கட்டும் வழக்கமும், பாதத்தின் மைப்பதிவு எடுக்கும் வழக்கமும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிற் பரவின. 1930இல் சிக்காகோ நகரில் இரு குடும்பங்கள் தத்தம் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுசென்ற பின்னர், குழந்தையின் உடலில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு மற்றக் குடும்பத்தினுடையது எனக் கண்டன. வல்லுநர் குழுவொன்று கூடிக் குருதி இனத்தையும் உடற்கூறுகளையும் ஆராய்ந்தது. இறுதியிற் குழந்தைகள் மாற்றிக்கொள்ளப்பட்டன. வியன்னா ஆய்வுகூடத்தின் கண்டுபிடிப்பு, மாறிய குழந்தையைத் தாயிடம் சேர்க்கவும் உதவிற்று.

இனி யப்பானுக்கு வருவோம். 1999ஆம் ஆண்டு தை மாதம் 11ஆம் நாள், திங்கட்கிழமை காலை. யோக்கோஹாமா நகரப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இருவருக்குச் சத்திரசிகிச்சை குறிக்கப்பட்டிருந்தது. ஒருவர் 74 வயதினர். அவருக்கு இருதய வால்வில் நோய். மற்றவர் 84 வயதினர். அவருக்குச் சுவாசப்பையிற் புற்றுநோய் என்ற ஐயம். இருவரும் ஒரே வாட்டில் இருந்தனர். இரவுக் கடமையிலிருந்த தாதி ஒருவரே இரு தள்ளுகட்டில்களையும் ஒரே வேளையிற் கொண்டுசென்றார். சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாயிலில் ஆட்கள் ஒரு வழியாகவும் கோவைகள் வேறொரு வழியாகவும் உள்ளே சென்றனர். இருதய நோயாளர் சுவாசப்பைக்குரிய அறைக்கும், சுவாசப்பை நோயாளர் இருதயத்துக்குரிய அறைக்கும் போய்ச் சேர்ந்தனர். அங்கே பிழையான பெயரால் விளிக்கப்பட்டபோது மறுப்பெதுவும் எழவில்லை. அச்சத்தோடு மல்லாந்து கிடக்கும் முதியவர், வெள்ளையங்கி அணிந்த ஒருவர் குனிந்து ஏதோ சொல்லும்போது தலையசைப்பதே இயல்பு.

நிகழ்ந்தது இவ்வளவே எனின் அது வாயிலில் நேர்ந்த ஒரு நிமிடக் குழப்பம். இந்நிகழ்வை வரலாற்றுக்குரியதாக்குவது அதன் பின்னர் வந்த மணிநேரங்கள். சுவாசப்பை அறையிற் கிடந்தவரின் முதுகில் இருதய நோயாளருக்கு ஒட்டப்படும் மருந்துப் பட்டையொன்று இருந்தது. மயக்கமருந்து வைத்தியர் அதனைக் கண்டார், எடுத்துவிட்டார், வேலை தொடர்ந்தது. எதிர்பார்த்த கட்டி சுவாசப்பையில் இல்லை. நீர்க்கட்டியொன்று காணப்பட்டது, அதற்குச் சிகிச்சை செய்து நெஞ்சு மூடப்பட்டது. இருதய அறையிலோ சான்றுகள் இன்னும் உரத்துப் பேசின. சுவாசப்பை நாடியின் அமுக்கம் உயர்ந்திருக்கவேண்டும்; அது இயல்பாக இருந்தது. வால்வின் கசிவு மிகுதியாயிருக்கவேண்டும். ஒலியலைக் கருவி சிறிதளவே காட்டியது. தலைமயிரும் முன்னர் கண்டதுபோல் இல்லை. மயக்கமருந்தின் விளைவால் அமுக்கம் குறைந்திருக்கலாம் என்று விளக்கம் கொடுக்கப்பட்டது. அவ்வறையின் மயக்கமருந்து வைத்தியருக்கு ஐயம் தோன்றியது. ஆளைப் பற்றி உடனிருந்தோரிடம் கேட்டார். வாட்டுக்குத் தொலைபேசி எடுக்கச் செய்தார். அந்நோயாளர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அனுப்பப்பட்டாரா என்பது கேள்வி. அனுப்பப்பட்டார் என்பது பதில். பதில் முற்றிலும் உண்மை. அவர் அனுப்பப்பட்டுத்தான் இருந்தார். மற்ற அறையிற் கிடந்தார். சத்திரசிகிச்சை தொடர்ந்தது. நோயற்றதெனச் சொல்லத்தக்க இருதயத்தின் வால்வு சீர்செய்யப்பட்டது. இருவரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

ஒவ்வொரு சான்றும் ஒருவரின் கண்ணிற் பட்டே இருந்தது என்பதை இங்கு வற்புறுத்த வேண்டும். அறியாமை இங்கு இல்லை. கருவிகள் பிழைக்கவுமில்லை. கோவையில் எழுதியிருந்த பெயருக்கு மாறான செய்தியைக் கருவிகள் கொணர்ந்தபோது, பெயரை ஐயுறுவதற்குப் பதிலாகச் செய்திக்கு விளக்கம் தேடினர் அனைவரும். கபொற்றின் பிணப் பரிசோதனைகள் காட்டியதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

நான்கு வைத்தியரும் இரு தாதியரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2001இல் யோக்கோஹாமா மாவட்ட நீதிமன்றம் ஐவரைக் குற்றவாளிகளெனத் தீர்த்து, ஐயம் எழுப்பிய அந்த மயக்கமருந்து வைத்தியரை மட்டும் விடுவித்தது. 2003இல் தோக்கியோ உயர் நீதிமன்றம் அவரையும் குற்றவாளியாக்கித் தண்டம் விதித்தது. 2007ஆம் ஆண்டு பங்குனியில் உச்ச நீதிமன்றம் அவரது மேன்முறையீட்டைத் தள்ளியது. நோயாளர் யாரென உறுதிசெய்தல் எல்லாச் சிகிச்சைக்கும் அடிப்படை, அக்கடமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது, பிறர் பார்த்திருப்பர் என்று ஒருவரும் இருந்துவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டப்படி இதை மறுத்தல் அரிது. எனினும் மனம் முழுதும் ஒப்பவில்லை. அவ்வறையில் இருந்தோருள் வாய்திறந்து கேட்டவரும் தண்டிக்கப்பட்டார்; கேட்டதற்காக அன்று, கேட்டது போதாமைக்காக. மேலே கத்தியோடு நிற்கும் மூத்த வைத்தியர் முன்னிலையில் இரண்டாம் முறை கேட்பது எத்துணை அரிது என்பதை, வகுப்பறையில் விரிவுரையாளரை ஒருமுறையேனும் மறுத்துக் கேட்க முயன்ற மாணவர் ஓரளவு உணர்வர்.

நோயாளர் தாமே மறுத்தால் என்ன நிகழும்? இதற்கு விடை தருவது அமெரிக்காவின் போதனா வைத்தியசாலை ஒன்றில் நிகழ்ந்ததும், 2002இல் மருத்துவ ஏடொன்றில் மார்க் சாசின், எலீஸ் பெக்கர் ஆகியோரால் ஆராயப்பட்டதுமான நிகழ்வு. மூளை நாடி வீக்கத்துக்குச் சிகிச்சை பெறவந்த 67 வயது மாது ஒருவர், பெயரொற்றுமையால் மறுநாட் காலையில் இருதய மின்னியல் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்படியொரு பரிசோதனை பற்றித் தமக்கு எவரும் சொல்லவில்லை என்றும், அதற்குச் செல்ல விருப்பமில்லை என்றும் அவர் கூறினார். தொலைபேசியில் வைத்தியர் பேசினார். அவரது மறுப்பு, நோயாளருக்கு இயல்பான தயக்கமாகக் கொள்ளப்பட்டது. கோவையில் ஒப்புதற் படிவம் இல்லை. புதிதாக ஒன்று கையொப்பமிடுவிக்கப்பட்டது. பரிசோதனை ஏறத்தாழ ஒரு மணிநேரம் நடந்த பின்னர், அவரைத் தேடிய வேறு பிரிவினரால் தவறு வெளிப்பட்டு அது நிறுத்தப்பட்டது. நல்லூழாக அவர் தேறினார். ஆராய்ந்தோர் இந்நிகழ்வில் 17 தனித்தனித் தவறுகளை எண்ணினர். அவற்றுள் ஒன்றேனும் தனித்து நின்று இவ்விளைவைத் தந்திராது என்பது அவர்களது முடிவு. யோக்கோஹாமாவில் முதியவர்கள் மறுக்கவில்லை. இங்கே மாது மறுத்தார். இரண்டு இடத்திலும் பெயரே வென்றது.

யோக்கோஹாமா நிகழ்வுக்குப் பின் யப்பானிய வைத்தியசாலைகளிற் பெயர் எழுதிய கைப்பட்டை பரவலாயிற்று. அதே 1999இன் இறுதியில் அமெரிக்க மருத்துவ நிறுவகம், தடுக்கத்தக்க தவறுகளால் அந்நாட்டு வைத்தியசாலைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. எண்ணிக்கை பற்றிப் பூசல்கள் எழுந்தனவெனினும், அறிக்கையின் பின்னர் பேச்சின் போக்கு மாறியது. ஒருவரைக் குறிக்க இரண்டு அடையாளங்களேனும் வேண்டும், கட்டில் அல்லது அறை இலக்கம் அவற்றுள் ஒன்றாகாது என்ற விதி 2003 முதல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒன்பது பாதுகாப்பு வழிகளை அறிவித்தபோது நோயாளரை அடையாளங்காணுதல் அவற்றுள் இடம்பெற்றது. கைப்பட்டையிலும் மருந்துப் பொதியிலும் கோட்டுக்குறி அச்சிட்டுக் கருவியால் ஒப்பிடும் முறை, கன்சாஸ் மாநிலத்துத் தாதி ஒருவர் 1992இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்குமிடத்திற் கண்ட கருவியிலிருந்து தோன்றியதாகச் சொல்லப்படுகின்றது. நோயின் பெயருக்கு இத்தகைய பட்டை இல்லை. அமெரிக்க மருத்துவ அறிஞர் அவை நோய் நிருணயப் பிழைகளுக்கெனத் தனியறிக்கை எழுத 2015ஆம் ஆண்டுவரை சென்றது. கபொற் எழுதி அப்போது நூற்றுமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்விதிகளுள் செலவே இல்லாத ஒன்று கேள்வியின் உருவத்தில் வந்த மாற்றமாகும். "நீங்கள் இன்னார்தானே?" என்று கேளாமல், "உங்கள் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்கள்" என்று கேட்கவேண்டுமெனத் தாதியர்க்கு இப்போது கற்பிக்கப்படுகின்றது. முன்னைய கேள்விக்குத் தலையசைப்பு போதும்; பின்னையதற்கு நோயாளர் வாய்திறந்தாக வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் ஒரே நோயாளரிடம் நால்வர் அடுத்தடுத்து இதே கேள்வியைக் கேட்பதும், நான்காம் முறையில் அவர் சற்றே எரிச்சலுடன் தம் பெயரைச் சொல்வதும் இன்று பல நாடுகளில் அன்றாடக் காட்சியாகும்.